கோடு அறுந்தாலும் நிற்காத வேலை

தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மழை பிடித்தால் எங்கள் பக்கம் இணையம் போய்விடும். செம்பனை ஆலையில் குலைகளைத் தரம் பார்க்கும் கேமராவை கிளவுடோடு இணைத்தால் தாங்குமா?”

தாங்கும். ஆனால் படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் கணினி ஆலையிலேயே இருக்க வேண்டும். வெட்டிய குலை காத்திருக்காது. நேரம் போகப் போகக் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். உடனடி வேலை ஆலையில், அதாவது எட்ஜில். மாதக் கணக்கு போன்ற கனத்த வேலை தொலைவிலுள்ள தரவு மையக் கணினிகளில், அதாவது கிளவுடில்.

சரி, ஆலைக் கணினியில் ஒரு நிரல் நடுராத்திரியில் விழுந்தால் யார் எழுப்புவது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2014இல் கூகுள் வெளியிட்ட குபெர்னெட்டிஸ் போன்ற மென்பொருளுக்கு “இதைத் தொடங்கு, அதை நிறுத்து” என்று கட்டளை போடுவதில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதி வைக்கிறோம்: தரம் பார்க்கும் நிரல், 2 பிரதி. காலைப் பெரட்டில் மண்டோர் பெயர்ப்பட்டியலையும் வந்து நிற்பவர்களையும் பார்த்து, ஆள் குறைந்தால் மாற்றாள் போடுவார் அல்லவா? மென்பொருள் அதையே ஓயாமல் செய்கிறது. எழுதியது 2, ஓடுவது 1 என்றால் இன்னொன்றைத் தொடங்கும். ஏன் விழுந்தது என்று அதற்குத் தெரிய வேண்டியதே இல்லை. நினைவகம் நிரம்பியதா, மின்சாரம் போனதா, எதுவானாலும் செய்வது ஒன்றுதான். நிரலிலேயே பிழை இருந்தால் ஆள் வர வேண்டும். எவ்வளவு அழகான யோசனை!

இனி மழைக்கு வருவோம். நாம் எழுதி வைத்த பட்டியலும் அதைப் பார்த்து மேய்க்கும் மென்பொருளும் இருப்பது கிளவுடில். ஆலைக் கணினி சுமார் 10 வினாடிக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று கிளவுடுக்குச் சொல்ல வேண்டும். அது நின்றால், கணினி செத்ததா, இணையக் கோடு மட்டும் அறுந்ததா என்று அங்கிருந்து கண்டுபிடிக்க முடியாது. வழக்கமான அமைப்பு 5 நிமிடம் பொறுத்துவிட்டு வேலையை வேறு கணினிக்கு மாற்றப் பார்க்கும். கேமரா ஆலையில் இருக்க, நிரல் மட்டும் சைபர்ஜெயா தரவு மையத்தில் ஓடி என்ன பயன்? அதனால் இத்தகைய வேலைகளை இடம் மாற்றக் கூடாது என்று முன்பே குறித்துவிடுகிறார்கள். கியூப்எட்ஜ் என்ற மென்பொருள் இன்னும் ஒரு படி போய், பட்டியலின் நகலை ஆலைக் கணினியிலேயே சேமிக்கிறது. இணையம் இல்லாதபோது மின்சாரம் போய்த் திரும்பினாலும், யாரையும் கேட்காமல் நகலைப் படித்து எல்லா நிரல்களையும் எழுப்பிவிடும்.

ஜொகூரில் எழும்பும் தரவு மையங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். இணையம் அறுந்த தோட்டத்தில் கணினி எப்படித் தனியே சமாளிக்கும் என்ற ஆராய்ச்சிக்கும் நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் வர வேண்டும். சோதனைக்களம் இங்கேயே இருக்கிறது.

இணைப்பு திரும்பியதும் கிளவுடில் உள்ள பட்டியலும் ஆலையில் உள்ள நகலும் ஒப்பிடப்படும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. பழைய எண்ணுள்ளது புதியதை அழிக்காது. தேங்கிய தரக் கணக்கை அப்புறம் மெதுவாக மேலே அனுப்பிக்கொள்ளலாம்.