அணுச்சேர்க்கை இல்லைங்க, அணுக்கரு இணைவு

நேத்து மண்டபம் கரையில செல்போன்ல செய்தி ஓடுது, "கடல் தண்ணியிலருந்து அணுச்சேர்க்கை மின்சாரம்"னு. கிழிஞ்ச வலைய முடிஞ்சுகிட்டிருந்த சித்தப்பா ஊசிய அப்படியே நிறுத்திட்டாரு. "ஏன்டா, கூடங்குளம் மாதிரி நம்ம கரையிலயும் உலை வைக்கப் போறாய்ங்களா?" அவரு பயப்படுறதுல தப்பே இல்ல, சொல்லு அப்படி.

செய்தியில அணுச்சேர்க்கைன்னு போட்டது இங்கிலீஷ்ல ஃபியூஷன்ங்கிற சொல்லுக்குத்தான். அது லத்தீன்ல ஊத்துறது, உருக்குறதுன்னு அர்த்தம் உள்ள வினையிலருந்து வந்தது, வீட்டுல ஃபியூஸ் கம்பி உருகுதுல்ல, அதுவும் அதே வேருதான்.

இப்ப சேர்க்கைக்கு வருவோம். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து தண்ணியாகுதே, அதுதான் அணுக்கள் சேருறது, அதனாலதான் சேர்மம்னு பேரே வச்சிருக்கோம், அதுக்கு ஒரு தீப்பொறி போதும், உள்ள இருக்கிற கரு மாறவே மாறாது. ஆனா இங்க ஹைட்ரஜனோட கனமான வகைகளான டியூட்டீரியத்தோட கருவும் டிரிட்டியத்தோட கருவும் மோதி ஹீலியமா மாறி ஒரு நியூட்ரான் தெறிச்சுப் போகுது, பழைய ரெண்டும் அதுக்கப்புறம் கிடையாது, குறைஞ்ச நிறைதான் ஆற்றலா வருது. ரெண்டு கருவும் நேர்மின், கிட்ட வந்தாலே தள்ளும், அதை மீறத்தான் 15 கோடி டிகிரி வரைக்கும் சூடாக்கணும், அந்த சூட்டை எந்தப் பாத்திரமும் தாங்காதுன்னு காந்தப்புலத்துக்குள்ள கட்டி நிறுத்துறாங்க. பிரான்ஸ்ல இந்தியாவும் பங்காளியா சேர்ந்து கட்டுற ஐட்டர்ங்கிற சோதனை உலையும் இப்படிக் காந்தப்புலத்துல நிறுத்துற வகைதான். இவ்வளவு பாடும் கருவுக்காகப் படுறது, அந்தக் கருவையே சொல்லுலருந்து வெட்டிட்டா என்னத்தப் புரியும்? பாடப்புத்தகத்துல அழகா அணுக்கரு இணைவுன்னு இருக்கு, பிளவுக்கு நேர் எதிர்ச்சொல். கூடங்குளத்துல நடக்கிறது பிளவு, யுரேனியம் கருவ உடைக்கிறது, இது வேற வேலைன்னு சொன்னப்பதான் சித்தப்பா ஊசிய திரும்ப எடுத்தாரு.

கடல் தண்ணிங்கிறதும் பாதி உண்மைதான். ஒரு கன மீட்டர்ல சுமார் 33 கிராம் டியூட்டீரியம் இருக்கு, சரி, ஆனா டிரிட்டியத்தை லித்தியத்துலருந்து உண்டாக்கணும், அதை யாரும் எழுதுறதில்ல.

மொழிபெயர்க்கிறவங்க ஆற்றலுக்கும் மின்சாரத்துக்கும் வித்தியாசம் பாக்கிறதே இல்ல, அது இன்னும் கோபம். 2022 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒரு இணைவுச் சோதனையில, காந்தப்புலத்துக்குப் பதிலா லேசர் வழியா 2.05 மெகாஜூல் ஆற்றல் கொடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தாங்க, பெரிய சாதனைதான், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனா அந்த லேசரை ஓட்டவே சுமார் 300 மெகாஜூல் போச்சு, வந்ததுல ஒரு பல்புக்குக்கூட மின்சாரம் எடுக்கல. அதைப் போய் "மின்சாரம் தயார்"னு எழுதுனா எப்படி?