ஒரு போன், மூன்று இலக்கம், எந்த வீடு?

"தம்பி, மூன்று இலக்கமும் இந்த ஒரு போனிலேயே அடிக்குமோ?"

கேட்ட ஐயாவுக்கு வயது எண்பதை நெருங்கியிருக்கும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடம், பதினோராம் தளம். தொண்ணூறுகளில் கனடாவுக்கு வந்த புதிதில் எடுத்த, 416 என்று தொடங்கும் ரொறன்ரோ இலக்கத்தை இன்றுவரை வைத்திருக்கிறார். சொந்தபந்தம் முழுக்க அதை மனப்பாடமாக வைத்திருப்பதால் விடமாட்டார். மொன்றியலில் இருக்கும் தங்கச்சி உள்ளூர் அழைப்பாக எடுக்க ஒரு 514ம் இருக்கிறது. லண்டனில் மகள் வீட்டுப் போனிலிருந்து எடுப்பாள், அவளுக்கு ஒரு 020 வேண்டும்.

அடிக்கும், தாராளமாக அடிக்கும். வீடுகளுக்கு இணையத் தொலைபேசி பூட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். கூடுதல் இலக்கம் எடுப்பது இதில் ஐந்து நிமிட வேலை, மாதம் சில டொலர் செலவு. நான் எழுத வந்தது அந்த ஐந்து நிமிடத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வியைப் பற்றி: அந்த இலக்கம் எந்த வீட்டைக் காட்டும்?

பழைய செம்புக் கம்பிப் போனில் இலக்கம் என்றால் கம்பி. நிலையத்திலிருந்து புறப்பட்ட கம்பி எந்த வீட்டுச் சுவரில் முடிகிறதோ, அந்த வீடுதான் அந்த இலக்கம். இணையத் தொலைபேசியில் அப்படி இல்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில் வைக்கிறோமே, சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அடாப்டர், அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுவனத்தின் சேவர் கணினியைக் கூப்பிட்டு "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இலக்கம் அந்தச் சேவரில் ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியை எந்த அடாப்டரோடும் இணைக்கலாம், ஒரே அடாப்டரோடு பத்து வரியையும் இணைக்கலாம். பெட்டியைக் கழற்றிக்கொண்டு வன்கூவருக்குப் போனாலும் 416 அங்கே அடிக்கும். நமக்கு இது வசதி. அம்புலன்ஸ்காரருக்கு அப்படியில்லை.

2008இல் கல்கரியில் நடந்தது கனடாவில் பலருக்கு நினைவிருக்கும். ஒன்ராறியோவிலிருந்து குடிபெயர்ந்த ஒரு குடும்பம் இணையத் தொலைபேசியையும் கூடவே கொண்டுபோயிருந்தது. கைக்குழந்தைக்கு முடியாமல் போக, அவசர உதவி இலக்கமான 911ஐ அழைத்தார்கள். அம்புலன்ஸ் போய் நின்றது மிசிசாகாவில், அவர்களுடைய பழைய முகவரியில். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மறுபடி அழைத்த பிறகுதான் உதவி வந்தது. குழந்தை பிழைக்கவில்லை.

இணையத் தொலைபேசி விற்பவர்கள் 911 சேவை தந்தே ஆகவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான சிஆர்டிசி 2005லேயே சொல்லிவிட்டது. ஆனால் எங்கேயும் கொண்டுபோகக்கூடிய இந்த வகைப் போனில் 911 அழைப்பு நேரே உங்கள் ஊர் மையத்துக்குப் போகாது. இடையில் ஒரு அழைப்பு மையத்தில் ஒருவர் எடுத்து, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று வாயால் கேட்டு, அதற்குப் பிறகுதான் உரிய இடத்துக்கு மாற்றிவிடுவார். அழைப்பவரால் பேச முடியாவிட்டால் கணக்கில் பதிந்திருக்கும் முகவரிதான் கதி. கேபிள் நிறுவனம் வீட்டுக்கே இணைத்துத் தரும் போன் வேறு வகை. அது முகவரியோடு கட்டுப்பட்டது.

பல இலக்கம் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. 911 முகவரி பல நிறுவனங்களில் ஆளுக்கோ போனுக்கோ பதியப்படுவதில்லை, இலக்கத்துக்குத்தான் பதியப்படுகிறது. வெளியே அழைக்கும்போது எந்த இலக்கம் காட்டப்படுகிறதோ, அதோடு சேர்ந்த முகவரிதான் போகும்.

ஐயாவின் கணக்கைத் திறந்து பார்த்தேன். எனக்கு முன்னால் யாரோ, பேரனாக இருக்கலாம், வெளியே போகும் இலக்கத்தை 514 என்று மாற்றி வைத்திருந்தார். மொன்றியல் தங்கச்சி பார்த்ததும் அடையாளம் கண்டு எடுப்பா என்பதற்காக. அந்த 514க்கு 911 முகவரியே பதியவில்லை. 416க்குப் பதிந்திருந்தது, ஆனால் அவர்கள் விற்றுவிட்டு வந்த பழைய வீட்டு முகவரி. நெஞ்சுவலி என்று அவர் 911 அழுத்தியிருந்தால், இடையில் எடுப்பவரிடம் தன் ஆங்கிலத்தில் பதினோராம் தளம், கதவு இலக்கம் எல்லாம் அவரே சொல்லவேண்டி வந்திருக்கும். சொல்ல முடியாமல் போயிருந்தால்? நான் கேட்கவில்லை. ஐயாவின் மனைவி, அந்த அம்மா, குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா.

ஆகவே நான் போன் பூட்டும் வீடுகளில் முதல் வேலை இதுதான்: வீடு இருக்கும் ஊரின் இலக்கம் ஒன்றை முதன்மையாக்கி, மற்ற அழைப்பு எந்த இலக்கத்தில் போனாலும் 911 மட்டும் எப்போதும் அதிலேயே போகும்படி அமைப்பது. முகவரியில் அபார்ட்மென்ட் இலக்கத்தையும் சேர்த்துப் பதிவது. அது இல்லாவிட்டால் இருபது மாடிக் கட்டடத்தின் வாசல்வரைதான் உதவி வரும். எல்லாம் சரியா என்று பார்க்க 911க்கே அழைத்துப் பார்க்காதீர்கள். கணக்குப் பக்கத்தில் பார்க்கலாம், அல்லது நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைக் கேட்கலாம். தவறி அழுத்திவிட்டால் பயத்தில் வைத்துவிடாமல், "தவறுதலாக அழைத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். வைத்துவிட்டால் அவர்கள் திருப்பி அழைத்து விசாரிப்பார்கள்.

அடுத்த தலையிடி வாசல் பஸ்ஸர். கீழே நிற்பவர் பொத்தானை அழுத்தினால் கட்டடம் உங்கள் வீட்டு இலக்கத்துக்கு அழைக்கும், நீங்கள் 9 அழுத்தினால் கதவு திறக்கும். பல கட்டடங்களில் இந்தப் பெட்டி உள்ளூர் இலக்கத்துக்கு மட்டும்தான் அழைக்கும். 514ஐக் கொடுத்தால் உறவினர் குளிரில் வெளியேதான் நிற்பார். சரி, 416ஐக் கொடுத்தாயிற்று, மணி அடிக்கிறது, பேசவும் முடிகிறது. ஆனால் 9 அழுத்தினால் கதவு அசையவில்லை என்பார்கள். போன் கெட்டுப்போகவில்லை. பொத்தானை அழுத்தும்போது எழும் விசையோசையை அடாப்டர் அனுப்பும் முறை பொருந்தவில்லை, அமைப்பில் ஒரு வரியை மாற்றினால் திறந்துவிடும். இதற்காகவே இரண்டு தடவை புதுப் போன் வாங்கியவரை எனக்குத் தெரியும்.

எந்த இலக்கத்துக்கு அழைப்பு வந்தது என்று தெரிய, அழைப்பவர் பெயருக்கு முன்னால் ஒரு அடையாளம் சேர்க்கலாம். ஐயா வீட்டில் மொன்றியலுக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று என்று வைத்தோம். தமிழ் எழுத்து இந்தத் திரைகளில் வராது, அது ஒரு குறைதான். சில அடாப்டர்களில் இலக்கத்துக்கு ஒரு மணியோசையும் வைக்கலாம். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது, கண்ணாடி தேடத் தேவையில்லை.

பூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தக் கணக்கின் கடவுச்சொல்லைத் திருடினால் உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் பெயரில் அழைக்கலாம். திருடர்கள் நள்ளிரவில் நுழைந்து, நிமிடத்துக்குப் பல டொலர் விழும் வெளிநாட்டு இலக்கங்களுக்கு விடாமல் அழைப்பார்கள். விடியும்போது பில் நிற்கும். ஒரு கடைக்காரரின் வீட்டில் இப்படி நடந்தது. முன்பணக் கணக்கில் இருபத்தைந்து டொலர்தான் இருந்ததால் இழப்பு அதோடு நின்றது. அன்றிலிருந்து தானாகப் பணம் நிரப்பும் வசதியை யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. அழைக்கும் நாடுகளை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடுவேன். ஐயாவுக்கு இலங்கை, இந்தியா, இங்கிலாந்து போதும்.

கரண்ட் போனால் போனும் போகும். பழைய கம்பியில் மின்சாரம் நிலையத்திலிருந்தே வந்தது, இதில் மோடமும் அடாப்டரும் வீட்டு மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோ நாட்கணக்கில் இருட்டில் கிடந்ததே, அந்த மாதிரி நாளில் ஒரு சிறிய யூபிஎஸ், அதாவது பற்றரிப் பெட்டி, சில மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் செல்போன்தான். அதுவும் வேறு நிறுவனத்துடையதாக இருந்தால் நல்லது. 2022 ஜூலை 8 அன்று ஒரு பெரிய நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுக்க விழுந்தபோது, வீட்டு இணையமும் செல்போனும் அதே இடத்தில் எடுத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகச் செத்தன.

நிறுவனம் மாறும்போது பழைய சேவையை முதலில் ரத்துச் செய்யாதீர்கள். இலக்கம் புது இடத்துக்கு வந்து மணி அடித்த பிறகுதான் ரத்து. முப்பது வருட இலக்கத்தை இந்த அவசரத்தில் தொலைத்தவர்கள் உண்டு.

ஐயா வீட்டில் வேலை முடிய மாலையாகிவிட்டது. முகவரியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே அதே வசனத்தைத் தமிழ் எழுத்திலும் எழுதிப் போனுக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அம்மா வந்து நின்று, கட்டட இலக்கம், தெரு, அபார்ட்மென்ட் என்று ஒரு தரம் சத்தமாக வாசித்தா.

"இன்னொருக்கா வாசிக்கட்டோ?" என்றா.