உப்புத் தண்ணீரில் நுரையைத் தேடாதீர்கள்

போன வாரம் மண்டபம் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் தலையில் துண்டு கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால், பின்னந்தலை முடி முழுக்க ஒரே கட்டியாக இறுகிக் கிடக்கிறது. சீப்பின் ஒரு பல்கூட உள்ளே போகவில்லை. "முந்தாநாள் தலைக்குக் குளிச்சா டாக்டர், அப்பவே இப்படி ஆயிருச்சு. அம்மன் சடை விழுந்திருக்கு, கை வைக்காதீங்கன்னு ஊர்ல சொல்றாங்க" என்றார்.

எதைப் போட்டு அலசினாய் என்று பிள்ளையிடம் கேட்டேன். ரொம்பத் தயங்கிச் சொன்னாள். ஷாம்பு இரண்டு பாக்கெட் போட்டும் நுரை வரவில்லை. அதனால் துணி சோப்பை எடுத்துத் தேய்த்திருக்கிறாள். அதுவும் முடி முழுவதையும் உச்சியில் குவித்து வைத்துக் கும்மியிருக்கிறாள்.

தெய்வ நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. ஆனால் அந்தச் சடை சோப்பினால் விழுந்தது. லிக்விட் பாரஃபின் என்ற வழுவழுப்பான எண்ணெயை ஊற்றி ஊறவைத்து, மழுங்கிய ஊசியால் இழை இழையாகப் பிரித்து ஓரத்து முடியைக் காப்பாற்றினோம். நடுவில் இருந்ததை வெட்டத்தான் வேண்டியிருந்தது. பிள்ளை அழுதுகொண்டே போனாள்.

இந்த அளவுக்கு முற்றி வருவது அபூர்வம். ஆனால் இதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கும் தலைகளை இராமநாதபுரத்தில் தினமும் பார்க்கிறேன். நார் போல விறைத்த முடி, எரிகிற உச்சந்தலை, நுனியில் வெள்ளையாக ஒடிந்து தொங்கும் இழைகள். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "நுரையே வர மாட்டேங்குது டாக்டர், அதான் கொஞ்சம் கூடப் போட்டேன்."

நுரை என்பது காற்றும் தண்ணீரும் சேர்ந்த குமிழி. அழுக்கை எடுப்பது அது இல்லை. ஷாம்பில் உள்ள பொருள் எண்ணெயையும் அழுக்கையும் சுற்றிப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வேலை நுரை இல்லாமலும் நடக்கும். தலையில் எண்ணெய் இருந்தால் நுரை அமுங்கிப் போகும். எண்ணெய் வைத்த தலைக்கு முதல் தடவை போடும்போது நுரை வராது, இரண்டாம் தடவை பொங்கி வரும், கவனித்திருப்பீர்கள். இரண்டாம் தடவை ஷாம்பு நன்றாக வேலை செய்ததால் அப்படி வருவதில்லை. பிடிப்பதற்கு அழுக்கு மிச்சமில்லாததால் வருகிறது. அதாவது நுரை பொங்கும் நேரத்தில் உங்கள் தலை ஏற்கெனவே சுத்தமாகிவிட்டது. அதற்கு மேல் தேய்ப்பதெல்லாம் முடிக்கும் தோலுக்கும் செய்கிற கொடுமை.

இது எல்லா ஊருக்கும் பொது. நம் கடற்கரையில் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியத்தைக் காட்டும் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. கடல் தண்ணீரில் அது 6,000-ஐத் தாண்டும். நம் வீட்டு போர் தண்ணீர் பல ஊர்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் நுரைக்குப் பதிலாக ஒட்டிப் பிடிக்கிற வெள்ளைக் கசடு உருவாகும். வாளி ஓரத்தில் படிகிறதே, அதேதான். தலையில் போட்டால் முடி முழுக்க அது படியும். காய்ந்ததும் வெள்ளையாக உதிரும்.

அதைப் பொடுகு என்று நினைத்து மறுபடி சோப்புப் போடுகிறார்கள். அப்புறம் பொடுகு ஷாம்பு, அப்புறம் எலுமிச்சம்பழம், அப்புறம் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு லோஷன். பொடுகே இல்லாத தலைக்கு இத்தனை வைத்தியம் நடந்த பிறகு என்னிடம் வருகிறார்கள்.

குளியல் சோப்போ துணி சோப்போ, இரண்டுமே காரத்தன்மை கூடியவை. அதைக் காட்டும் அளவுக்குப் பிஎச் என்று பெயர், எண் கூடினால் காரம் கூடும். உச்சந்தலைத் தோலின் பிஎச் 5.5 அளவில் இருக்கிறது, முடியிழையுடையது அதைவிடக் குறைவு. சாதாரண சோப்பு 9, 10 என்று போகிறது. முடியின் மேற்பரப்பு மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது. மீனைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைப் பக்கம் தடவினால் கையைக் கீறும். காரம் பட்டால் முடி உப்பி, அந்தச் செதில்கள் தூக்கிக்கொள்ளும். தூக்கிய செதிலோடு முடியை உச்சியில் குவித்துக் கசக்கினால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான்.

ஆகவே தலைக்கு சோப்பு வேண்டாம். எந்த சோப்பும் வேண்டாம். நுரை வருவதற்காக ஷாம்பில் சோடா மாவு கலப்பவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள், அதுவும் காரம்தான்.

விலை உயர்ந்த ஷாம்பு வாங்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சின்ன பாக்கெட்டே போதும். பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள பட்டியலைப் படியுங்கள், படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். தண்ணீருக்கு அடுத்து சோடியம் லாரில் சல்பேட் என்று இருந்தால் வறண்ட தலைக்கு வேண்டாம். லாரெத் சல்பேட் அதைவிடச் சற்றுச் சாந்தம். பீட்டெய்ன், குளுக்கோசைடு என்று முடியும் பெயர்கள் முன்னால் இருந்தால் இன்னும் மென்மை. அட்டையின் முன்பக்கம் செம்பருத்தியும் கற்றாழையும் படம் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஷாம்பு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென் இல்லை என்று பெரிதாகப் போட்டிருப்பதும் ஒரு தகுதி இல்லை. தோல் அலர்ஜி பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பாரபெனால் வரும் அலர்ஜி மிகக் குறைவு. அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படும் மெத்தில்ஐசோதயசோலினோன்தான் எங்களுக்கு அதிகம் வேலை வைக்கிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சல்பேட் இல்லாத ஷாம்பு இயல்பாகவே குறைவாகத்தான் நுரைக்கும். அதை வாங்கிக்கொண்டு போய், நுரை வரவில்லை என்று மூன்று பங்கு ஊற்றினால் வாங்கியதன் பலனே போய்விடும்.

சீயக்காய், அரப்பு போடலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போடலாம், நன்றாகச் சலித்தது என்றால். திப்பித் திப்பியாக இருக்கும் பொடியை அழுத்தித் தேய்த்தால் தோல் கீறும். பாட்டிமார் வடிகஞ்சியில் கரைத்துத் தேய்ப்பார்கள், முடிக்கு வழுவழுப்புக் கிடைக்கும், நல்ல பழக்கம். அதிலும் நுரை எதிர்பார்க்க வேண்டாம்.

கடல் பாசி எடுக்கப் போகிற அக்காமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் கடலுக்குள் இருக்கிறீர்கள். கரையேறியதும் உப்பு முடியிலேயே காய்கிறது. காய்ந்த முடியில் சீப்பு வைக்காதீர்கள், அப்படியே ஷாம்பும் போடாதீர்கள். முதலில் வெறும் தண்ணீரில் உப்பை அலசி விடுங்கள். தினமும் ஷாம்பு தேவையில்லை, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். கடலுக்குப் போகும் முன் தேங்காயெண்ணெய் கொஞ்சமாக, முடியின் நீளத்துக்கும் நுனிக்கும் தடவிக்கொண்டால் பாதுகாப்பு. வழிய வழிய வேண்டாம், அதை எடுக்கத்தான் அப்புறம் சோப்பைத் தேடுகிறீர்கள்.

நல்ல தண்ணீர் குடம் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில், தலைக்கு ஊற்ற எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். முழுக் குளியலுக்கு நான் கேட்கவில்லை. ஷாம்பைக் கரைக்க அரைச் செம்பு, கடைசியாக ஊற்ற இரண்டு செம்பு, இவ்வளவு மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். மணலில் ஊற்று தோண்டிச் சிரட்டையில் மொள்ளும் ஊர்களில் அந்தத் தண்ணீரையே வைத்துக்கொள்ளலாம். நடுவில் அலசுவது உப்புத் தண்ணீராகவே இருந்துவிட்டுப் போகட்டும். கரைத்த ஷாம்பை உச்சந்தலையில் ஊற்றி விரல் நுனியால் தேய்த்தால் போதும். முடியின் நீளத்துக்கு வழிந்து போகிற ஷாம்பே தாராளம். முடியைக் குவிக்கக் கூடாது, தொங்குகிற வாக்கிலேயே விட வேண்டும். கண்டிஷனர் சின்ன பாக்கெட்டிலும் வருகிறது. நுனிப் பாதிக்கு மட்டும் தடவி அலசினால், தூக்கிய செதில் படிந்து சிக்கு குறையும்.

உண்மையான பொடுகு இருப்பவர்கள் இராத்திரி எண்ணெய் வைத்து ஊறப் போடாதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அது தீனி. அந்தப் பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக் கொடுத்தால் போட்டவுடன் கழுவிவிடாமல், ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள்.

எலுமிச்சைச் சாறு தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். நெற்றியிலும் கழுத்திலும் கருத்துப் போய் வருகிறவர்கள் நிறைய. ஈரத் தலையை முடிந்து கொண்டையாக்கி மூடாதீர்கள். கீழக்கரைப் பிள்ளைகள் சிலரிடம் முக்காடு போடுவதால்தான் முடி கொட்டுகிறது என்று யாரோ சொல்லி அனுப்புகிறார்கள். துணி ஒன்றும் செய்யாது. ஈரத்தோடு இழுத்துக் கட்டுவதுதான் கெடுதல். அரை மணி உலரவிட்டு, தளர்வாகக் கட்டி, பிறகு மூடுங்கள்.

தலைக்குக் குளித்தால் கொட்டுகிறது என்று குளிப்பதையே தள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. வாரத்துக்கு ஒரு தடவை குளித்தால் ஏழு நாள் முடியும் அன்றைக்குச் சேர்ந்து கையில் வரும். காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டினாலும் ஷாம்பைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் இரத்தசோகையும் தைராய்டும் பார்க்க வேண்டும்.

வட்டமாகச் சொட்டை விழுந்தால், சீழ் வைத்தால், தோல் தழும்பாகி வழவழப்பானால் உடனே வாருங்கள், வீட்டில் எதையும் தடவ வேண்டாம். வரும்போது நீங்கள் போடும் ஷாம்பு பாக்கெட்டையும் எண்ணெய் பாட்டிலையும் கையோடு கொண்டு வாருங்கள். முடிந்தால் வீட்டுத் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து வாருங்கள். துணி சோப்புப் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்தால் தேவையில்லாத மருந்து எழுதாமல் அனுப்பலாம்.