விரிவுக்கு ‘வேகம்’ கேட்காதீர்கள்

சென்ற வாரம் வேலூரில் ஒரு கல்லூரிக்கு இயற்பியல் செய்முறைத் தேர்வின் புறத்தேர்வாளராகச் சென்றிருந்தேன். வாய்மொழித் தேர்வில், நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர், “பிரபஞ்சம் ஒளியைவிட வேகமாக விரிகிறது, அதனால் ஐன்ஸ்டைன் சொன்னது தவறு, சார்” என்றார். வாட்ஸ்அப்பில் வந்த காணொளியாம். இந்த விடையை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

விரிவுக்கு ஒற்றை வேகம் கிடையாது. விரிவை அளக்கும் ஹபிள் மாறிலி ஏறத்தாழ 70 என்றால், அது விநாடிக்கு 70 கி.மீ. அன்று, ஒவ்வொரு மெகாபார்செக்குக்கும், அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கும், விநாடிக்கு 70 கி.மீ. என்பதாகும். பலரும் பின்பாதியை விழுங்கிவிடுகிறார்கள். (அலகு எழுதாத விடைக்கு நாங்கள் அரை மதிப்பெண் குறைப்பது வீம்புக்காக அல்ல.)

தையல் கடையில் வாங்கிய எலாஸ்டிக் நாடா ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதில் சென்டிமீட்டருக்கு ஒன்றாக மையால் ஆறு புள்ளிகள் வைத்து, இரு மடங்காகும்வரை அந்த மாணவியையே இழுக்கச் சொன்னேன். முதல் புள்ளியிலிருந்து பார்த்தால் இரண்டாவது புள்ளி 1 செ.மீ. விலகியிருந்தது, அதே நேரத்தில் ஆறாவது 5 செ.மீ. விலகியிருந்தது. எந்தப் புள்ளியும் நாடாவின்மேல் ஊர்ந்து போகவில்லை, இடையிலிருந்த நாடாதான் நீண்டது. நாடா போதிய நீளமுடையதாக இருந்தால், நீங்கள் எந்த வேகத்தைச் சொன்னாலும் அதைத் தாண்டி விலகும் புள்ளி ஒன்று இருந்தே தீரும். சுமார் 1,400 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் திரள்கள் நம்மிடமிருந்து ஒளியைவிட வேகமாக விலகுவதும் இப்படித்தான். ஐன்ஸ்டைன் 1905-இல் வகுத்த வரம்பு, அருகில் செல்லும் ஒளியை எந்தப் பொருளும் முந்த முடியாது என்பதே. விண்வெளியே விரியலாம் என்பதற்கு இடம் தந்ததும் அவருடைய 1915-ஆம் ஆண்டுப் பொதுச் சார்பியல்தான்.

“அப்படியானால் காட்பாடி நம்மைவிட்டு விலகிப் போகுமா, சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே முழு மதிப்பெண் போட்டேன். போகாது, பிணைந்து கிடப்பவற்றை விரிவு பிரிப்பதில்லை. 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள்கூட ஈர்ப்பினால் நம்மை நெருங்கியே வருகிறது.

மாணவர்களே, காணொளியில் விரிவின் வேகம் என்று ஓர் எண்ணைச் சொன்னால், “எவ்வளவு தொலைவுக்கு?” என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும்போது, பிரபஞ்சத்தை வாட்ஸ்அப்பில் தேடுவானேன்? ஆசிரியர்களே, பெருவெடிப்பு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பக்கத்தில் வெடிகுண்டுப் படம் மட்டும் தயவுசெய்து வரையாதீர்கள். வெடித்த இடம் எங்கே என்று பிள்ளைகள் அடுத்த ஆண்டு என்னிடம் வந்து கேட்கிறார்கள்.