தட்டில் இருந்த வெள்ளைப் புள்ளிகள்

1846-ல் பிலடெல்பியாவில் ஒரு இளம் டாக்டர், காலைச் சாப்பாட்டுக்கு வைத்த பன்றித்தொடைக் கறியில் பாதியைத் தின்றுவிட்டார். மீதியைப் பார்த்தால் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். நானாக இருந்தால் உப்பு என்று நினைத்து விழுங்கியிருப்பேன். ஜோசப் லைடிக்கு அப்போது வயது 23. பிண அறுவைக் கூடத்தில் ஒரு மனிதத் தசையில் இதே புள்ளிகளை அவர் முன்பே பார்த்திருந்தார். மீதித் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். தசைநாருக்குள் சின்னக் கூடு, கூட்டுக்குள் சுருண்ட புழு. டிரைக்கினெல்லா.

மனித உடலில் இந்தப் புழுவை 1835-லேயே லண்டனில் ஜேம்ஸ் பேஜட் என்ற மருத்துவ மாணவர் கண்டுவிட்டார். எங்கிருந்து வருகிறது என்பதுதான் புரியவில்லை. லைடி பன்றிக்கறியைக் காட்டினார். இது ஆளையே கொல்லும் என்பது நிலைநாட்டப்பட 1860 ஆகிவிட்டது.

ரத்தமும் தசையும் பார்த்தே பிழைக்கிற எனக்கு அவருடைய இன்னொரு வேலையும் பிடிக்கும். ஒரு கொலை வழக்கில், துணியில் இருப்பது கோழி ரத்தம் என்று சாதித்தான் குற்றம் சாட்டப்பட்டவன். கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, மனிதனுடையதில் கிடையாது. லைடி பார்த்தார், உட்கரு இல்லை. அவன் ஒப்புக்கொண்டான். (இதை வைத்துப் பாலூட்டியின் ரத்தம் என்று மட்டும்தான் சொல்லலாம், மனித ரத்தம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கோழிக்கதை போச்சு.)

1853 முதல் லைடி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர். 1858-ல் நியூஜெர்சியின் ஹாடன்ஃபீல்டில் கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு ஹாட்ரோசாரஸ் என்று பெயரிட்டவரும் அவரே. 1868-ல் உலகிலேயே முதன்முதலாக நிறுத்தி வைக்கப்பட்ட டைனோசர் எலும்புக்கூடு அதுதான். பிறகு கோப், மார்ஷ் என்ற புதைபடிவ ஆய்வாளர்கள் இருவர் டைனோசர் எலும்புக்காக அடித்துக்கொண்டபோது, அவர் நைசாக விலகி குளத்து அமீபாக்களைப் படம் வரையப் போய்விட்டார்.

சரி, கறிக்கு வருவோம். “பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வருமாமே டாக்டர்?” என்று அடிக்கடி கேட்கிறார்கள். அது நாடாப்புழு, வேறு கதை. அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, அழுக்குக் கை, தண்ணீர், கழுவாத காய் வழியாக நம் வாய்க்கு வந்தால்தான் மூளைக்குப் போகும். கறியே தொடாதவருக்கும் வரும். டிரைக்கினெல்லா அப்படியில்லை, சரியாக வேகாத கறியோடுதான் உள்ளே போகும். முதலில் வயிற்றுப்போக்கு, அப்புறம் காய்ச்சல், இமை வீக்கம், உடம்பெல்லாம் தசைவலி. ரத்தத்தில் இயோசினோபில் என்ற வகை வெள்ளையணு எகிறும். என்ன கறி தின்றீர்கள், எப்போது என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். எல்லா டாக்டருக்கும் அதைக் கேட்கத் தோன்றாது.

பண்ணைப் பன்றிக்கறி முழுத்துண்டாக இருந்தால் உள்நடுவே 63 டிகிரி செல்சியஸ் ஏறி, இறக்கிய பிறகு 3 நிமிடமாவது அப்படியே இருக்கட்டும். கொத்துக்கறிக்கு 71 டிகிரி. உப்புக்கண்டம், புகையூட்டல் இரண்டையும் நம்ப வேண்டாம். மைக்ரோவேவ் ஒரே சீராகச் சூடாக்காது. ஃப்ரீசரில் வைத்தோமே என்பவர்களுக்கு: பண்ணைப் பன்றிக்கு அது ஓரளவு உதவும், அதுவும் பல நாள் வைத்திருந்தால். காட்டு விலங்குகளில் இருக்கும் சில டிரைக்கினெல்லா இனங்கள் உறைகுளிரையும் தாங்கும். அந்தக் கறியை வேகவைப்பது ஒன்றுதான் வழி.