சைஃபர் பட்டியலில் 'எக்ஸ்போர்ட்' என்று இருந்தால் விட்டுவிடாதீர்கள்

பழைய சர்வர் ஒன்றைப் பாதுகாப்புச் சோதனைக்கு எடுத்தால், அது எந்தெந்த சைஃபர்களை (தகவலைப் பூட்டும் குறியாக்க முறைகளை) ஏற்கிறது என்று முதலில் பார்ப்போம். பட்டியலின் அடியில் 'ஆர்எஸ்ஏ எக்ஸ்போர்ட்' என்று ஒரு வரி எப்போதாவது தட்டுப்படும். சான்றிதழை ஏற்றுமதி செய்யும் வசதி போலிருக்கிறது என்று அட்மின்கள் கடந்துபோகிறார்கள். உண்மையில் அது வெளிநாடுகளுக்காக வேண்டுமென்றே பலவீனமாக்கிய குறியாக்கம்; அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் விட்டுச்சென்ற எச்சம்.

1990களில் அமெரிக்கச் சட்டப்படி, வலுவான குறியாக்க மென்பொருளும் பீரங்கியும் ஒரே ஆயுதப் பட்டியலில் இருந்தன; அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பிஜிபி என்ற மின்னஞ்சல் குறியாக்க மென்பொருளை எழுதிய பில் சிம்மர்மன்மீது 1993இல் தொடங்கிய குற்ற விசாரணை, 1996 ஜனவரியில் வழக்கில்லாமல் கைவிடப்பட்டது. அச்சுப் புத்தகத்துக்கு மட்டும் தடை கிடையாது. அதனால் 1995இல் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் மூலநிரலைப் புத்தகமாகவே போட்டது. ஃபிளாப்பியில் போனால் ஆயுதம், தாளில் போனால் இலக்கியம்!

இந்தத் தடையால் நெட்ஸ்கேப் பிரவுசர் அமெரிக்கர்களுக்கு வலுவான 128 பிட் சாவி, மற்றவர்களுக்குப் பலவீனமான 40 பிட் சாவி என்று இரண்டு விதமாக வந்தது. அந்த 40 பிட்டை 1995இல் பிரான்சில் டாமியன் டோலிகே என்பவர், சும்மா கிடந்த கணினிகளைச் சேர்த்து எட்டே நாளில் உடைத்தார்.

2000 ஜனவரியில் விதி தளர்ந்தது. ஆனால் சட்டம் போனாலும் நிரல் போகவில்லை. பழைய பிரவுசர்களுக்காக வைத்திருந்த எக்ஸ்போர்ட் சைஃபர்களை யாரும் தூக்கவில்லை. 2015 மார்ச்சில் 'ஃபிரீக்' என்ற தாக்குதல் வெளிவந்தபோதுதான் எல்லோரும் விழித்தார்கள். நடுவில் புகுந்தவர் பிரவுசரின் கோரிக்கையை மாற்றி, எக்ஸ்போர்ட் சைஃபர் வேண்டும் என்று சர்வரிடம் கேட்பார். சர்வரும் 512 பிட் சாவியை நீட்டும். தான் கேட்காத அந்தச் சாவியை ஓட்டையுள்ள பிரவுசர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். அமேசான் கிளவுடில் நூறு டாலர் சுமாருக்கு, சில மணி நேரத்தில் அந்தச் சாவியை உடைக்க முடிந்தது. பல சர்வர்கள் ரீஸ்டார்ட் ஆகும்வரை அதே சாவியையே எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒருமுறை உடைத்தால் போதும்.

அதே ஆண்டு மே மாதம் 'லாக்ஜாம்', 2016 மார்ச்சில் 'டிரவுன்' என்று இதே வகைத் தாக்குதல்கள் வந்தன. நடைமுறையில் நான் அதிகம் எச்சரிப்பது டிரவுனைப் பற்றித்தான். வெப்சைட்டைப் பளபளவென்று வைத்திருப்பார்கள். அதே சான்றிதழும் சாவியும் பழைய மெயில் சர்வரிலும் இருக்கும், அங்கே எஸ்எஸ்எல் 2 என்ற பழைய பாதுகாப்பு நெறிமுறை இன்னும் திறந்திருக்கும். மெயில் சர்வரின் ஓட்டையை வைத்தே வெப்சைட்டுக்குப் போகும் தகவலைப் பிரித்துவிடலாம்.

பல சர்வர்கள் பயன்படுத்தும் குறியாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல்லின் 1.1.0 பதிப்பிலேயே எக்ஸ்போர்ட் சைஃபர்களையும் எஸ்எஸ்எல் 2ஐயும் நீக்கிவிட்டார்கள். அதனால் புது சர்வரில் பெரும்பாலும் கவலையில்லை. பழைய ரவுட்டர், பிரின்டர் ஆகியவற்றின் அட்மின் பக்கங்கள், வாங்கி வைத்ததோடு அப்டேட்டே பார்க்காத பெட்டிகள், இவைதான் சிக்கல். வெப்சைட்டின் 443 போர்ட்டோடு நிறுத்தாமல் மெயில் போர்ட்களையும் ஸ்கேன் செய்யுங்கள். மெயில் சர்வரை இப்போதைக்குத் தொட முடியாது என்றால், சரி, வெப்சைட்டுக்காவது புதிய சாவியோடு தனிச் சான்றிதழ் வாங்குங்கள். பழைய சாவியை வைத்தே சான்றிதழைப் புதுப்பித்தால் பயனில்லை.