மூன்றாவது வரி காலி

2021 டிசம்பரில் ஓர் அம்மா துணிக்கடைப் பை ஒன்றை என் மேசைமேல் கவிழ்த்தார். கணவரின் சிடி ஸ்கேன் படம், மணிக்கு ஒருமுறை ஆக்சிஜன் அளவைக் குறித்து வைத்த நோட்டுத் தாள், மடிப்பில் கிழியத் தொடங்கிய இறப்புச் சான்றிதழ். “இதில் கொரோனா என்று எங்கேயுமே இல்லையே டாக்டர். நிவாரணம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றுதானே மறைத்துவிட்டார்கள்?”

அந்தச் சான்றிதழில் யார் இறந்தாலும் காரணம் இருக்காது. பதிவேட்டிலிருந்து தரும் நகலில் இறப்புக்கான காரணத்தை வெளியிடக் கூடாது என்று 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது. காரணம் இருப்பது வேறு தாளில்: மருத்துவமனையில் இறந்தால் டாக்டர் நிரப்பும் படிவம் 4, வெளியே இறந்தால் 4ஏ. அவருடைய சந்தேகம் நியாயமானது. தேடிய தாள்தான் வேறு.

மருத்துவமனையிலிருந்து அந்தப் படிவத்தின் நகலை வாங்கி வந்தார். முதல் பகுதியில் மூன்று வரிகள் உண்டு. மேலே உயிர் பிரிந்ததற்கு உடனடிக் காரணம், அடுத்து அதை உண்டாக்கியது, கடைசியில் எல்லாவற்றுக்கும் வேரான நோய். இணை நோய்களுக்கு இரண்டாம் பகுதி. அரசுக் கணக்கில் ஏறுவது வேர் நோய்தான். இவருடைய படிவத்தில் மேலே ‘மூச்சுச் செயலிழப்பு’, அடுத்து ‘நிமோனியா’, மூன்றாவது வரி காலி. இரண்டாம் பகுதியில் ‘சர்க்கரை நோய்’. ஆர்டி-பிசிஆர் ‘நெகட்டிவ்’ என்பதால் எழுதியவர் தயங்கியிருக்கிறார். பரிசோதனை நெகட்டிவ் என்றாலும் அறிகுறிகள் இருந்தால், அறிகுறிகளை வைத்துக் கண்டறிந்த கோவிட் என்று பதிய வேண்டும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-லேயே சொல்லியிருந்தது. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பயிற்சி மருத்துவராக இருந்தபோது ‘இதயம் நின்றது’ என்று எழுதித் தள்ளியவன் நான். இதயம் நிற்காமல் யார்தான் இறக்கிறார்கள்?

எல்லாமே தயக்கத்தால் வந்த பிழை என்று சொல்லவும் மாட்டேன். 2020 ஜூலையில் சென்னை மாநகராட்சிப் பதிவேட்டையும் சுகாதாரத் துறைப் பட்டியலையும் ஒப்பிட்ட பிறகுதான் விடுபட்ட 444 கோவிட் இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. நாடு முழுவதும் 2020-இல் பதிவான மொத்த இறப்புகள் சுமார் 81 லட்சம், 2021-இல் 1.02 கோடி. அந்த 2021-க்கு அரசு சொன்ன கோவிட் இறப்புகளோ சுமார் 3.3 லட்சம். இந்த இடைவெளி முழுவதும் கோவிட் அல்ல, பதிவு செய்யும் பழக்கமும் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஆனாலும் இடுகாட்டு வாசலில் வரிசையில் நின்றவர்களிடம் அன்றாடச் செய்திக்குறிப்பை நம்பச் சொன்னால் கோபம் வராதா?

உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2021 செப்டம்பரில் விதி தளர்ந்தது. தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இறந்தால், வெளியில் இறந்திருந்தாலும், கோவிட் இறப்புதான். மருத்துவமனையில் மற்றப் பரிசோதனைகளை வைத்து மருத்துவர் கோவிட் என்று கண்டறிந்தாலும் போதும். மறுக்கப்பட்டால் மாவட்டக் குழுவிடம் முறையிடவும் அப்போது வழி இருந்தது. அந்த அம்மாவுக்கு ஸ்கேன் படமும் நோட்டுத் தாளும் கைகொடுத்தன. நிவாரணம் 50,000 ரூபாய் வந்தது.

2023-இல் சட்டம் திருத்தப்பட்டு, காரணம் எழுதிய அந்தப் படிவத்தின் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுப்பது கட்டாயமாகிவிட்டது. ஆனால் துக்கத்தில் யாரும் கேட்பதில்லை, நாங்களும் நினைவூட்டுவதில்லை. உடலோடு புறப்படும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். முதல் பகுதியின் கடைசி வரி காலியாக இருந்தால், எழுதிய டாக்டர் பணியில் இருக்கும்போதே காரணம் கேளுங்கள்.